விலங்கியல் காட்சிக்கூடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: ஒரு காப்பாட்சியரின் பதில்கள்

விலங்கியல் அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருப்பவரிடம் மக்கள் கூச்சமில்லாமல் கேள்வி கேட்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், அவர்களை வரிசையில் நிறுத்தப் போராடும் ஆசிரியர்கள், மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர்கள், பேரனுடன் வந்த தாத்தாக்கள் எனக் கேட்காதவர் இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. எனக்கு மிகவும் பிடித்த கேள்விகள் அவை.

இவையெல்லாம் நிஜ விலங்குகளா, பொம்மைகளா?

நாள்தோறும் முதலில் வரும் கேள்வி இதுதான். தோல், மயிர், இறகு, கொம்பு, நகம், எலும்பு, ஓடு எல்லாம் நிஜம். கண்கள் கண்ணாடி. நாக்கு, ஈறு, மூக்கு நுனியின் ஈரப் பளபளப்பு ஆகியவை மெழுகும் சாயமும். உள்ளே சதையோ எலும்புக்கூடோ முழுமையாக இராது. பழைய மாதிரிகளில் வைக்கோல், மரச்சுருள், களிமண் இருக்கும். பிற்காலத்தவற்றில் விலங்கின் தசையமைப்பை ஒட்டிச் செதுக்கிய நுரை உருவம் இருக்கும். மீன்கள் பெரும்பாலும் வார்ப்புகள். மீன் தோல் காய்ந்தால் சுருங்கி நிறமிழந்துவிடும் என்பதால், அச்சு எடுத்து வார்த்து வண்ணம் தீட்டுவார்கள்.

இவற்றைக் கொன்றுதானே கொண்டு வந்தீர்கள்?

பழைய மாதிரிகளில் பெரும்பாலானவை சுடப்பட்டவை. அதை மறைக்கும் உரிமை எனக்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையை ஆராய்வது என்றால் துப்பாக்கியோடு போவது என்றே பொருள். இன்று நிலைமை வேறு. சாலையில் அடிபட்டவை, உயிரியல் பூங்காவில் மூப்பெய்தி இறந்தவை, கரையில் ஒதுங்கியவை, கடத்தல்காரர்களிடமிருந்து வனத்துறை கைப்பற்றியவை ஆகியவையே புதிதாக வருகின்றன. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, ஆய்வுக்காகப் பிடிப்பதற்குக்கூட முறையான அனுமதி வேண்டும்.

சுட்டவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் நூறாண்டுக்கு முன் ஒரு பறவை செத்துப்போயிற்று. அதன் உடல் நம் கையில் இருக்கிறது. அதைப் பூச்சி அரிக்க விடாமல் காத்து, அதனிடமிருந்து அறியக்கூடியதை எல்லாம் அறிந்துகொள்வது நம் கடமை என்று நினைக்கிறேன்.

ஒரே பறவை எதற்கு இத்தனை? ஒன்று இருந்தால் போதாதா?

கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் பார்ப்பது சேகரிப்பின் சிறு பகுதிதான். உள்ளறை இழுப்பறைகளில் ஒரே இனத்தின் பறவைகள் மல்லாந்து வரிசையாகப் படுத்திருக்கும். கண்ணில் பஞ்சு, காலில் நூலால் கட்டிய லேபிள். அங்கே அழைத்துச் செல்லும்போதுதான் இந்தக் கேள்வி வரும். எனக்கு உற்சாகம் பொங்குவதும் அப்போதுதான்.

ஒன்று இருந்தால் அந்தப் பறவை எப்படி இருக்கும் என்று காட்டலாம். பல காலங்களில், பல ஊர்களில் எடுத்தவை இருந்தால், உலகம் எப்படி மாறியது என்று காட்டலாம்.

பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் இந்தப் பறவைகள் மளமளவென்று குறைந்தன. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன. டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய முட்டைச் சேகரிப்புகளைத் தேடிப் போனார். உள்ளீடு நீக்கிய வெற்று ஓடுகளை எடைபோட்டு, அந்த எடையை நீளமும் அகலமும் பெருக்கிய எண்ணால் வகுத்தார். ஓட்டை உடைக்காமலே அதன் தடிமனை ஒப்பிட அது போதுமானதாக இருந்தது. அந்த எண், பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்து, 1947 வாக்கில் சட்டென்று இறங்கியது. வயல்களில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி பரவலாகத் தெளிக்கப்படத் தொடங்கிய காலம் அது. 1967-இல் அவர் இதை வெளியிட்டார். அமெரிக்காவிலும் அருங்காட்சியக முட்டைகளை அளந்து இதையே கண்டார்கள். 1972-இல் அங்கே டி.டி.டி. பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது. அந்த முட்டைகளைச் சேகரித்தவர்கள், புள்ளியும் நிறமும் அழகாக இருக்கின்றன என்றுதான் சேகரித்தார்கள். பூச்சிக்கொல்லி என்ற எண்ணமே அவர்கள் மனத்தில் இருந்திருக்க முடியாது.

இன்னொன்று சொல்கிறேன். அமெரிக்கத் தொழிற்பட்டணங்களின் அருகே பிடித்த பழைய பறவைகளின் நெஞ்சு சற்றுக் கறுத்திருக்கும். விரலால் தடவினால் கையில் கரி ஒட்டும். சிகாகோவில் இரண்டு இளம் ஆய்வாளர்கள், 135 ஆண்டுகளில் சேகரித்த 1,300-க்கும் மேற்பட்ட பறவைகளைப் புகைப்படம் எடுத்து, இறகு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்தார்கள். 2017-இல் வெளிவந்த அந்த ஆய்வு, ஒவ்வொரு காலத்திலும் காற்றில் எவ்வளவு நிலக்கரிப் புகை இருந்தது என்பதைக் காட்டியது. காற்றை அளக்கும் கருவிகள் பரவலாக வராத காலத்துக்கு, பறவையின் இறகே கருவியாக இருந்திருக்கிறது!

குவாகா என்ற ஒரு வகை வரிக்குதிரை தென்னாப்பிரிக்காவில் இருந்தது. கடைசிக் குவாகா 1883-இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு பழைய குவாகாத் தோலில் ஒட்டியிருந்த காய்ந்த சதைத் துணுக்கிலிருந்து 1984-இல் டி.என்.ஏ. பிரித்தெடுத்தார்கள். அற்றுப்போன ஒரு விலங்கின் டி.என்.ஏ.வைப் படித்தது அதுவே முதல் முறை. பாடம் செய்தவர் தோலைச் சுத்தமாகச் சுரண்டியிருந்தால் அது நடந்திருக்காது.

ஆகவே, "இத்தனை எதற்கு?" என்று கேட்டால் என் பதில்: அடுத்த நூற்றாண்டில் யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அதற்காகத்தான்.

லேபிளை ஏன் இவ்வளவு பத்திரமாகக் காக்கிறீர்கள்?

எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று தெரியாத பறவை வெறும் இறகுப் பொதி. மேலே சொன்ன முட்டைகளில் ஆண்டு எழுதப்படாமல் இருந்திருந்தால் ராட்கிளிஃப் எடைபோட்டுப் பயனில்லை. எழுத்து மங்கிய லேபிளுக்குப் பக்கத்தில் புதிது எழுதிக் கட்டுவோமே தவிர, பழையதை ஒருபோதும் கழற்றமாட்டோம். பென்சிலாலோ, சாராயத்தில் கரையாத மையாலோதான் எழுத வேண்டும். பந்துமுனைப் பேனாவால் எழுதிய லேபிள் ஜாடிக்குள் வெளுத்துப்போனதைப் பார்க்கும் வேதனை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும்.

பாடம் செய்வது எப்படி? ஜாடியில் இருப்பது என்ன தண்ணீர்?

பாலூட்டி, பறவைகளின் தோலை உரித்து, கொழுப்பைச் சுரண்டி, பதப்படுத்தி, உருவத்தின் மேல் போர்த்தித் தைப்பது பாடம் செய்தல். பதினெட்டாம் நூற்றாண்டில் பெக்கூர் என்ற பிரெஞ்சு மருந்தாளர் ஆர்சனிக் கலந்த சோப்பைக் கண்டுபிடித்தார். பூச்சி அண்டாது என்பதால் அடுத்த இருநூறு ஆண்டுகள் உலகம் முழுவதும் அதையே பூசினார்கள். "தொடாதீர்கள்" என்ற அறிவிப்பு விலங்கைக் காப்பதற்கு மட்டும் வைத்ததில்லை. உங்கள் குழந்தை விரலை வாயில் வைத்துக்கொள்ளும் என்பதாலும்தான்.

தவளை, பாம்பு, மீன் போன்றவற்றை முதலில் பார்மலினில் ஊற வைத்துச் சதையை இறுகச் செய்கிறோம். பிறகு கழுவி 70 சதவீத எத்தில் ஆல்கஹாலுக்கு மாற்றுகிறோம். நிறம் போய்விடும், பச்சைப் பாம்பு நீலமாகி, பின் சாம்பலாகிவிடும். பார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் என்பதால், இப்போது அதில் இடுவதற்கு முன்பே ஒரு துளி ஈரலையோ தசையையோ வெட்டித் தூய ஆல்கஹாலில் தனியே வைத்துவிடுகிறோம்.

எலும்புக்கூடு செய்வதுதான் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த கதை. தோல் வண்டு என்ற சிறு வண்டும் அதன் புழுக்களும் காய்ந்த சதையைத் தின்பவை. பெரிய அருங்காட்சியகங்களில் இவற்றைப் பெட்டியில் வளர்க்கிறார்கள். உள்ளே வைத்த எலியின் காதுக்குள் இருக்கும் ஊசிமுனை எலும்பைக்கூடச் சேதப்படுத்தாமல் சுத்தம் செய்து தந்துவிடும். அதே வண்டு காட்சிக்கூடத்துக்குள் தப்பி வந்தால் பாடம் செய்த தோல்களைப் பொடியாக்கிவிடும். எனவே வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளும் உறைபெட்டியில் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஓரிரு வாரம் கிடந்த பிறகுதான் உள்ளே நுழையும்.

அருங்காட்சியகத்தில் உட்கார்ந்துகொண்டு புதிதாக எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை மார்ஜரி கோர்ட்னே-லாட்டிமருடையது. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் என்ற சிறு துறைமுக ஊரின் அருங்காட்சியகத்தில் அவர் காப்பாட்சியர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. வித்தியாசமான மீன் வலையில் சிக்கினால் சொல்லுங்கள் என்று மீன்பிடிக் கப்பல் தலைவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். 1938 டிசம்பர் 22 அன்று கேப்டன் கூசனின் கப்பல் வந்திருப்பதாகத் தொலைபேசி வந்தது. வேலை நிறையக் கிடந்தது. ஆனாலும் மாலுமிகளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாவது சொல்லிவிட்டு வருவோம் என்று கிளம்பினார். குவியலுக்கு அடியில் ஒரு நீலத் துடுப்பு தெரிந்தது. இழுத்துப் பார்த்தால், ஒன்றரை மீட்டர் நீளம், கை கால் போன்ற சதைப்பற்றான துடுப்புகள், கவசம் போன்ற செதில்கள்.

57 கிலோ மீனை ஏற்ற டாக்சிக்காரர் முதலில் மறுத்தார். டிசம்பர் அங்கே கோடைக்காலம். குளிரூட்டி வைக்க மருத்துவமனைப் பிணவறையில் கேட்டும் இடம் கிடைக்கவில்லை. பாடம் செய்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஒரு படம் வரைந்து மீனியல் அறிஞர் ஜே. எல். பி. ஸ்மித்துக்குக் கடிதம் எழுதினார். எலும்பையும் செவுளையும் காப்பாற்றச் சொல்லி அவரிடமிருந்து பதில் வந்தபோது உள்ளுறுப்புகள் போய்விட்டிருந்தன, தோல் மிஞ்சியது. அது போதும். டைனோசர்களோடு சேர்ந்து ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய சீலகாந்த் மீன் அது. லாட்டிமீரியா சாலம்னே என்ற அறிவியல் பெயரில் அவரும், மீன் கிடைத்த இடத்தருகே கடலில் கலக்கும் சாலம்னா ஆறும் இருக்கிறார்கள். அடுத்த சீலகாந்த் கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்திலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் வெளியே வருவது. அதன் நெருங்கிய உறவினர்கள் இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. எஸ். டி. பிஜுவும் பிராங்கி பொசுயிட்டும் 2003-இல் அதற்குப் பெயரிட்டார்கள். ஆனால் அதன் தலைப்பிரட்டையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அன்னண்டேலும் நாராயண ராவும் விவரித்துவிட்டார்கள். எந்தத் தவளையின் பிள்ளை என்று தெரியாமலே அது ஏடுகளில் இருந்தது. 2017-இல் திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து இரண்டாவது இனமும் விவரிக்கப்பட்டது. கோவையில் பணியாற்றிய ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக அதற்குப் பெயர் சூட்டப்பட்டது.

திமிங்கலம் மீனா?

இல்லை, பாலூட்டி. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. ஏறக்குறைய 18 மீட்டர். எந்த அருங்காட்சியகத்தில் திமிங்கலத்தைப் பார்த்தாலும் வாயைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். துடுப்பின் எலும்புகளைப் பாருங்கள். மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள், எல்லாம் உங்கள் கையில் இருக்கும் வரிசையிலேயே இருக்கும். பின்பு இடுப்புப் பகுதிக்கு வாருங்கள். முதுகெலும்போடு ஒட்டாமல் இரண்டு சிறு எலும்புகள் தொங்கினால் அவைதான் காலுள்ள மூதாதையர் விட்டுச்சென்ற இடுப்பெலும்பு. இன்றும் இனப்பெருக்க உறுப்புகளின் தசைகள் அவற்றைப் பற்றியிருக்கின்றன. சதையில் புதைந்து கிடப்பதால், சுத்தம் செய்யும்போதே பல எலும்புக்கூடுகளில் இவை தொலைந்துவிடும். இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதே ஒரு சுகம்.

மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலையாமே? கோடி ரூபாய்க்கு விலை போகுமாமே?

ஒரு தலைதான். மற்றது மழுங்கிய வால். எதிரி வந்தால் தலையை உடலுக்கடியில் மறைத்து வாலைத் தலைபோல உயர்த்தும். அந்தத் தந்திரம் பருந்தையும் கீரியையும் ஏமாற்ற உருவானது, ஏமாறுவதோ மனிதர்கள். அதில் மருந்தும் இல்லை, புதையலைக் காட்டும் சக்தியும் இல்லை. நஞ்சில்லாத, எலி தின்கிற, குட்டி போடுகிற, சாதுவான பாம்பு. பிடிப்பதும் விற்பதும் குற்றம். கோடி ரூபாய் ஆசையில் முன்பணம் கொடுத்து இழந்தவர்கள் ஏராளம். எடை கூட்டுவதற்காகப் பாம்பின் வாய்க்குள் இரும்புக் குண்டுகளைத் திணித்த கொடுமையும் நடந்திருக்கிறது. இந்த ஒரு கேள்விக்கு நான் குரலை உயர்த்திப் பதில் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

பாம்பு பால் குடிக்குமா?

குடிக்காது. நாள் கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் எந்தத் திரவத்தையும் குடிக்க முயலும். பால் அதற்குச் செரிக்காது.

இங்கே இருப்பவற்றில் வெளியே பார்க்க முடியாதது எது?

அற்றுப்போன டோடோப் பறவையைத்தான் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் பாறு இருக்கும் அலமாரியைக் காட்டுவேன். பிணந்தின்னிக் கழுகு என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். இன்று தாத்தாக்களாக இருப்பவர்கள் சிறுவயதில் செத்த மாட்டின்மீது கூட்டங்கூட்டமாகப் பார்த்த பறவை. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து பொங்கல் உண்ட மஞ்சள்முகப் பாறுகள் இப்போது வருவதில்லை. நாடு முழுவதும் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோனது, அதுவும் ஏறக்குறைய பதினைந்தே ஆண்டுகளில். மாட்டுக்கு வலி நீக்கப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று 2004-இல் தெரியவந்தது. மருந்து ஏறிய மாடு செத்தால், அதைத் தின்ற பாறு சிறுநீரகம் செயலிழந்து இறந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டுகின்றன. ஆகவே "பார்க்கவே முடியாது" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. முதுமலைப் பக்கம் போனால் வானத்தைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

நாள் முழுக்கச் செத்த விலங்குகளோடு இருப்பது சலிக்காதா?

இல்லவே இல்லை. காலையில் பூச்சிப் பொறிகளையும் ஈரப்பதமானியையும் பார்ப்பேன். ஆல்கஹால் குறைந்த ஜாடிகளை நிரப்புவேன். யாராவது ஆய்வாளர் ஓர் எலியின் பல்லை அளக்க வந்திருப்பார். அவரோடு உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. இடைவேளையில் வெளிச்சுவரில் குளவி மண் கூடு கட்டுவதைப் பார்ப்பேன். ஒவ்வோர் அறையிலும் பல சிலந்திகளைத் திணித்து, முட்டையிட்டு, வாசலை மூடுகிறது. சிலந்திகள் சாகவில்லை, அசைய முடியாமல் கிடக்கின்றன. புழுவுக்கு உணவு கெடாமல் இருக்க வேண்டுமே! இதைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டாம், காட்டுக்கும் போக வேண்டாம்.

இறந்த பறவையைப் பார்த்தால் எடுத்து வரலாமா?

கூடாது. காட்டுயிரின் உயிரற்ற உடலும் சட்டப்படி அரசின் சொத்து. நோய்த்தொற்றும் இருக்கலாம். அளவுக்காகப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். உயிருள்ள பறவைகளைக் கணக்கெடுக்க ஆசை என்றால், ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளுங்கள். வீட்டு மொட்டைமாடியில் நின்று காகத்தையும் மைனாவையும் எண்ணினாலும் போதும். சாதாரணப் பறவைகளின் கணக்குத்தான் பின்னாளில் மிகவும் தேவைப்படுகிறது. அதை எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

காப்பாட்சியர் ஆக என்ன படிக்க வேண்டும்?

விலங்கியலில் முதுகலை. அருங்காட்சியகவியலும் படித்திருந்தால் நல்லது. மாநில அரசுப் பணியிடங்களுக்குத் தேர்வாணையத்தின் அறிவிப்பைக் கவனியுங்கள். 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குச் சென்னையிலும் மையங்கள் உண்டு. கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் பழைய ஜாடிகள் கிடக்கின்றன. இடம் அடைக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். தமிழ்நாட்டின் பழைய கல்லூரிகள் பலவற்றில் இப்படி அலமாரிகள் இருக்கின்றன. அந்தக் காலப் பேராசிரியர்கள் மாணவர்களை மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவுக்கும் மண்டபத்துக்கும் அழைத்துப்போய்ச் சேகரித்தவை அவற்றில் உண்டு. 1927-இல் கிரேவ்லியின் தலைமையில் சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. உங்கள் ஜாடியில் உள்ள கடலட்டையோ நட்சத்திர மீனோ அதற்கு அடுத்த தலைமுறையின் சாட்சியாக இருக்கலாம். அந்தப் பவளத்திட்டுகள் அப்போது எப்படி இருந்தன என்று அறிய வேறு வழி குறைவு.

முதலில் ஒவ்வொரு ஜாடியையும் லேபிள் தெரியும்படி படம் எடுங்கள். துறையின் பழைய இருப்புப் பதிவேடு எங்கே என்று தேடுங்கள். பெரும்பாலும் ஆய்வக உதவியாளருக்குத் தெரிந்திருக்கும், அவர் ஓய்வுபெறுவதற்கு முன் கேளுங்கள். ஜாடிகளை மூடிய அறையில் திறக்காதீர்கள், பார்மலின் ஆவி கண்ணையும் நுரையீரலையும் பாதிக்கும். திரவம் வற்றியிருந்தாலும் உள்ளே இருப்பதை எறியாதீர்கள், வற்றியதையும் மீட்க முறைகள் உண்டு. பிறகு பட்டியலோடு அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தையோ விலங்கியல் ஆய்வகத்தின் மையத்தையோ அணுகுங்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள காட்டுயிர்கள் இருந்தால், இடம் மாற்றுவதற்கு முன் வனத்துறைக்கும் எழுத வேண்டும்.